வானும் கைலும்மும்

(பம்மலில் நடைபெற்ற தமிழன்பர் கூட்டத்தில் ஆற்றிய பொழிவின் எழுத்து வடிவம்)



நான் பேச எழுந்து நின்றபொழுது நம் தலைக்கு மேலே ஒரு வானூர்தி கடந்து சென்றது. அதன் இரைச்சல் அடங்கும்வரை நான் வாய் திறவாது நின்றேன். மீனம்பாக்கத்தை அடுத்து வாழ்வோர்க்கு இத்தகைய இடைவெளிகள் பழகிப்போனவை ஆகலின், நீங்களும் பொறுமையாய் இருந்தீர்கள். அவ்வூர்தியே என் பொழிவுக்கு முன்னுரை கூறிவிட்டது எனலாம். ஏனெனில் இன்று நான் எடுத்துக்கொண்ட பொருள் வானம். வானத்தையும் வானுலகையும் குறிக்கும் சொற்கள் இலத்தீன் வழிவந்த மொழிகளில் எங்கிருந்து வந்தன என்பதும், அதனால் நமக்கு விளங்குவது என்ன என்பதும் ஆகும்.

பம்மலில் நின்றுகொண்டு பிரஞ்சுச் சொல்லையும் போர்த்துக்கீசியச் சொல்லையும் ஆராய்வானேன் என்று ஒருசிலர் எண்ணக்கூடும். உங்கள் வீட்டுக்குள் ஒருமுறை பார்வையைச் செலுத்துங்கள். மேசை, சாவி, அலமாரி, சன்னல் ஆகிய நான்கும் போர்த்துக்கீசியர் நம் கடற்கரையில் இறங்கிய பின்னர் நம் வீடு புகுந்த சொற்கள். இதோ, கூப்பிடு தொலைவில் நிற்கும் பரங்கிமலையின் உச்சியில் 16ஆம் நூற்றாண்டிலேயே அவர்கள் கோயில் எழுப்பினர். அம்மலையில் அன்று இலத்தீன் மொழியில் ஓதப்பட்ட இறைவேண்டலில் வானத்துக்குரிய சொல் இருந்தது. ஆக, அச்சொல் இப்பகுதிக்கு வந்து 400 ஆண்டுகளுக்கு மேலாயிற்று. மேசை வீட்டுக்குள் வந்ததுபோல் அது ஏன் நம் வாய்க்குள் வரவில்லை என்பதே நாம் கேட்கவேண்டிய வினா.

எனினும், இப்பொருளை நான் தேர்ந்ததற்கு உண்மையான கரணியம் வேறொன்று. சென்ற கூட்டம் முடிந்து பல்லாவரம் தொடர்வண்டி நிலையம் நோக்கி நான் நடக்கையில் ஓர் இளைஞர் உடன்வந்தார். கண்களில் ஒளி பொங்க, "ஐயா, பெரிய உண்மை ஒன்றைக் கண்டுபிடித்துவிட்டேன்; பிரஞ்சில் வானத்துக்குச் 'சியெல்' என்கிறார்கள். கற்றலான் மொழியில் 'செல்' என்றே சொல்கிறார்கள். நம் பழந்தமிழில் 'செல்' என்றால் முகில் அல்லவா? செல்வதனால் செல். அப்படியானால் பிரஞ்சுக்காரனின் வானம் நம் தமிழ்தானே!" என்றார். அவர் கூறியதில் பாதி உண்மை. செல் என்பதற்கு முகில் என்னும் பொருள் நம் அகரமுதலிகளில் உண்டு. முகிலுக்கும் வானுக்கும் தொலைவும் இல்லை. கேட்பவர் மயங்கத்தான் செய்வர். நானும் ஒரு நொடி மயங்கினேன் என்பதை மறைப்பானேன்?

"தம்பி, இதை மேடையில் சொல்லிவிடாதே; அடுத்த கூட்டத்தில் விளக்குகிறேன்" என்றேன். அவர் முகம் வாடிற்று. அவ்வாட்டத்துக்கு விடையளிக்கவே இன்று வந்துள்ளேன். அவர் இங்கே முன்வரிசையில்தான் அமர்ந்திருக்கிறார்.

முதலில் சொற்களை வரிசையாக நிறுத்திப் பார்ப்போம். வானத்துக்கு இத்தாலியர் 'சியேலோ' என்பர். இதன் சகரத்தைப் பச்சை என்பதிற்போல் அழுத்தி ஒலிக்கவேண்டும். எசுப்பானிய நாட்டின் பெரும்பகுதியினர் 'தியேலோ' என்பர். அவர்தம் மொழியையே பேசும் தென்னமெரிக்கர் 'சியேலோ' என்று மெல்ல ஒலிப்பர். பிரஞ்சில் 'சியெல்'. போர்த்துக்கீசியத்தில் 'செயு'. உருமேனியத்தில் 'செர்'. சார்தீனியத் தீவில் 'கேலு'. இவை அனைத்துக்கும் தாய் இலத்தீன் 'கைலும்' என்னும் சொல்.

சார்தீனியத்தைக் கவனியுங்கள். அங்கே முதலெழுத்து இன்றும் ககரம். இலத்தீன் மொழியிலும் பண்டு அது ககரமே. அக்ககரம் 'எ', 'இ' போன்ற முன்னுயிர்களின் முன்னே நின்றபோது, நாக்கு முன்னோக்கி இழுபட்டு இத்தாலியத்தில் வல்லோசைச் சகரமாயிற்று. பிரஞ்சில் மெல்லோசைச் சகரமாயிற்று. இஃது ஒரு சொல்லில் மட்டும் நேர்ந்ததன்று. நூறு என்னும் எண்ணுக்கு இலத்தீன் 'கெந்தும்'. இத்தாலியர் அதனைச் 'செந்தோ' ஆக்கினர். சார்தீனியரோ இன்றும் 'கெந்து' என்பர். போர்த்துக்கீசியத்தில் இரண்டு உயிர்களுக்கு நடுவே நின்ற லகரம் உதிர்ந்தது. நிறத்துக்கு 'கொலோர்' என்றிருந்தது 'கோர்' ஆயிற்று, வானம் 'செயு' ஆயிற்று. உருமேனியத்தில் அதே லகரம் ரகரமாயிற்று; ஞாயிற்றைக் குறித்த 'சோல்' அங்கே 'சொவாரெ'; வானம் 'செர்'. ஒரு நெறி ஒரு சொல்லுக்குப் பொருந்தினால் அது தற்செயல். ஒத்த சொற்கள் அனைத்துக்கும் பொருந்தினாலன்றோ அது நெறி.

இப்பொழுது அந்தச் 'செல்'லுக்கு வருவோம். பிரஞ்சின் சகரம் பின்னாளில் விளைந்தது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் அங்கே சகரமே இல்லை, ககரமே இருந்தது. பிற்காலத்தில் முளைத்த ஒலியை நம் பழந்தமிழ்ச் செல்லோடு ஒப்பிடுதல், பெயரனின் மூக்கைப் பார்த்துப் பாட்டனுக்கு உறவு சொல்வதை ஒக்கும். அவ்வளவே. இளைஞரின் கண்டுபிடிப்பு இவ்விடத்தில் முறிகிறது.

முறிந்ததற்காக வருந்தற்க. ஏனெனில் அதே ஆய்வு நமக்கு வேறொரு பொருளைக் கையில் தருகிறது. ககரம் சகரமாதல் உரோம நாட்டுக்கு மட்டும் உரியதன்று. நாம் செவி என்பதைக் கன்னடர் 'கிவி' என்பர். நாம் சிறு என்பது அவர்க்குக் 'கிறு'. நம் செம்மை அவர்தம் 'கெம்பு' என்பதில் உள்ளது. இத்தாலியத்துக்கும் சார்தீனியத்துக்கும் உள்ள அதே வேறுபாடு தமிழுக்கும் கன்னடத்துக்கும் இடையே நிற்கக் காண்கிறீர்கள். இச்சொற்களில் பழைய ஒலியைக் காத்தது கன்னடம், மாறியது தமிழ். இதைக் கூறுவதால் தமிழின் தொன்மைக்கு ஓர் இழுக்கும் இல்லை. தொன்மொழி என்பதற்காக அதன் ஒவ்வோர் ஒலியும் மாறாதிருந்தது என்று சொல்லவேண்டிய தேவை நமக்கு இல்லை. பொய்ச்சான்று ஒன்றைச் சேர்த்தால், நம்மிடமுள்ள நூறு மெய்ச்சான்றையும் எதிரி ஐயுறுவான்.

செவியொப்புமையின் பொய்மைக்கு ஐரோப்பியப் பண்டிதர் காட்டும் சான்று ஒன்று உண்டு. இறைவனைக் குறிக்க இலத்தீன் 'தேயுசு' என்றது. கிரேக்கம் 'தெயோசு' என்றது. இரண்டும் ஒன்றே என்று யாரும் ஆணையிடுவர். ஆனால் அவ்விரண்டும் உறவற்றவை என்பது ஒலிநெறியால் நிறுவப்பட்டுள்ளது. இலத்தீன் 'தேயுசு'வுக்கு உண்மையான கிரேக்க உறவு 'சேயுசு' என்னும் வானக் கடவுளின் பெயர்.

அதிலிருந்து ஒரு சுவையான செய்தி பிறக்கிறது. அம்மொழிக் குடும்பத்தின் மிகப் பழைய வானச்சொல் 'கைலும்' அன்று. ஒளிபொருந்திய வானத்துக்குத் 'தியௌசு' என்பது போன்றதொரு சொல் இருந்தது. வடமொழியிலும் அதன் வடிவம் உண்டு. இலத்தீனில் அது வானம் என்னும் பொருளை ஏறத்தாழ இழந்துவிட்டது. ஒரு கிளை இறைவனாயிற்று. ஒரு கிளை நாள் என்னும் பொருளில் 'தியேசு' ஆயிற்று. ஒரு கிளை வானத் தந்தையாகிய 'யூப்பிட்டர்' ஆயிற்று. எனவே எசுப்பானியன் 'தியோசு' என்று இறைவனை அழைக்கும்போதும், 'தீயா' என்று நாளைச் சொல்லும்போதும், 'குவேவெசு' என்று வியாழக்கிழமையைச் சொல்லும்போதும் தன்னை அறியாமலே பழைய வானத்தையே பேசுகிறான். ஒழிந்த இடத்தில்தான் 'கைலும்' வந்து அமர்ந்தது. நாமும் வானிலிருந்தே வானோர், வானவர், விண்ணவர் என்று இறையுலகத்தாரைப் படைத்துக்கொண்டோம். ஆயினும் நம் வான் வானாகவே நின்றது, இடத்தைக் காலிசெய்யவில்லை.

சரி, அந்தக் 'கைலும்' எங்கிருந்து வந்தது? கி.மு. முதல் நூற்றாண்டினராகிய வாரோ என்னும் உரோமப் புலவர் தம் மொழிநூலில் தமக்கு முற்பட்ட ஏலியசு என்பாரின் கருத்தை எடுத்துரைக்கிறார். விண்மீன்கள் பொறிக்கப்பட்டமையால் 'செதுக்கப்பட்டது' என்னும் பொருளில் அப்பெயர் வந்தது என்பது ஒன்று. எல்லார்க்கும் வெளிப்படையாய்த் திறந்திருப்பதால், அதற்கு நேர்மாறாக 'மறைக்கப்பட்டது' எனப் பெயரிட்டனர் என்பது மற்றொன்று! இரண்டும் ஒலியை வைத்துக் கட்டியவை. முதற்கருத்தை வாரோவே ஏற்கவில்லை. நம் தம்பியின் செல் இவற்றைவிட எவ்வளவோ மேல். ஒளி என்னும் பொருளுடைய வேரிலிருந்து வந்திருக்கலாம் என்பார் இக்கால அறிஞருள் உளர்; முடிவு இன்னும் எட்டப்படவில்லை. உலகெங்கும் பரவிய ஒரு மொழிக்குடும்பம் தன் தலைக்கு மேலுள்ள பொருளின் பெயர் எங்கிருந்து வந்தது என்று உறுதியாய்க் கூற இயலாமல் நிற்கிறது.

வேர் தெரியாவிட்டாலும் அச்சொல் சாகவில்லை. எளிய மக்களின் வாயிலேயே அது ஈராயிரம் ஆண்டு வாழ்ந்தது. வாயின் மேற்கூரையாகிய அண்ணத்தைப் போர்த்துக்கீசியர் 'வாயின் வானம்' என்பர். ஐரோப்பாவின் மறுகோடியில் உள்ள உருமேனியரும் 'வாயின் வானம்' என்றே கூறுவர். நாமோ அண்ணம் என்கிறோம். அண் என்பது மேல் என்னும் பொருட்டு. அண்ணாந்து பார்க்கிறோம் அல்லவா, எதை? வானத்தை. அவர்கள் வானத்தை வாய்க்குள் கொண்டுவந்தார்கள். நாம் ஒரே வேரால் வாயின் மேற்புறத்தையும் வானை நோக்கும் செயலையும் சொன்னோம். அண்ணம் என்னும் சொல் தொல்காப்பியத்துப் பிறப்பியலிலேயே உண்டு. நாம் 'வானவில்' என்பதைப் பிரஞ்சுக்காரர் 'வானத்து வில்' என்னும் பொருள்படவே சொல்வர். இவற்றில் யாரும் யாரிடமும் கடன் வாங்கவில்லை. மாந்தன் அண்ணாந்து பார்த்தான். கண்டதைத் தன் சொல்லால் சொன்னான்.

கடன் எங்கே நுழைகிறது என்றால், பெரும்பாலும் மறுமையின் வாயிலில்! வெறும் வானத்துக்குத் தம் சொல்லை வைத்துக்கொள்ளும் மக்கள், இறந்தபின் போகும் வானுலகுக்குப் பூசகன் தரும் சொல்லைப் பெற்றுக்கொள்கிறார்கள். பிரஞ்சின் 'பாரதி' என்னும் துறக்கச் சொல் இலத்தீனுக்குக் கிரேக்கத்திலிருந்தும், கிரேக்கத்துக்குப் பழம்பாரசீக நாட்டிலிருந்தும் வந்தது. அங்கே அதன் பொருள் சுற்றி மதிலெழுப்பிய இடம். பாரசீக வேந்தரின் மதில்சூழ் சோலைக்குக் கிரேக்கர் அச்சொல்லை ஆண்டனர். பின்னர் அது முதல் மாந்தர் வாழ்ந்த தோட்டமாகி, முடிவில் வானுலகமாகிவிட்டது. அச்சொல்லே மக்கள் வாயில் உருண்டு தேய்ந்து, பிரஞ்சில் 'பார்வி' எனக் கோயில் முன்றிலைக் குறிப்பதாயிற்று. குருமார் வாயில் வானுலகம்; தெருவார் வாயில் கோயில் வாசல்!

உருமேனியரின் கதை நமக்கு இன்னும் நெருக்கமானது. வானத்துக்கு அவர்கள் இலத்தீன்வழிச் 'செர்' என்னும் சொல்லைக் கைவிடவில்லை. ஆனால் துறக்கத்துக்கு 'ராய்' என்னும் சிலாவியச் சொல். அவர்களுடைய கோயில் வழிபாடு நெடுங்காலம் சிலாவிய மொழியில் நடந்தமையே கரணியம். 19ஆம் நூற்றாண்டில் அவர்களிடையே தனிமொழி இயக்கம் எழுந்தது. லவுரியான், மாசிம் ஆகிய இருவர் 1871 முதல் 1876 வரை ஓர் அகரமுதலி வெளியிட்டனர். இலத்தீன்வழி வாராதவை என்று கருதிய சொற்களைத் தனியே ஒதுக்கி வேறொரு தொகுப்பாக்கினர். மக்கள் பேசாத வடிவங்களையும் ஏட்டிலே படைத்தனர். நாடு அதனை ஏற்கவில்லை. நகைத்தனர் என்றே சொல்லவேண்டும். 'ராய்' இன்றும் அங்கே வாழ்கிறது. இதை இந்த மேடையில் நான் சொல்வது சிலர்க்குக் கசக்கலாம். கசந்தாலும் அறிந்திருத்தல் நல்லது.

நம் நிலைக்கு வருவோம். நம்மிடம் சொல் இல்லாமையால் கடன் வாங்கினோமா? வான், வானம், விண், விசும்பு. மறுமைக்குத் துறக்கம், புத்தேளுலகு, மேலுலகம், வானகம். காவிரிப்பூம்பட்டினத்துத் துறைக்கு உவமையாகத் துறக்கத்தைப் பட்டினப்பாலை கூறுகிறது. ஐந்து பூதங்களை எண்ணுமிடத்துத் தொல்காப்பியத்து மரபியல் ஐந்தாவதற்கு விசும்பு என்றே பெயர் தருகிறது. இவ்விடத்தில்தான் பின்னாளில் ஆகாயம் வந்து குந்தியது. இன்று விசும்பு என்றால் குழந்தை தேம்புவதைத்தான் நம் மாணவர் அறிவர். வான் ஏன் நிலைத்தது, விசும்பு ஏன் நழுவிற்று?

விடை மழையில் இருக்கிறது. திருவள்ளுவர் கடவுள் வாழ்த்தை அடுத்து வைத்த அதிகாரத்தின் பெயர் வான்சிறப்பு. அங்கே வான் என்றது மழையை. 'வானம் பார்த்த பூமி' என்று உழவன் சொல்வது நீல நிறத்தை அன்று; மழையை. தெலுங்கில் 'வான' என்றாலே மழைதான்; கன்னடத்தில் வகரம் பகரமாகிப் 'பான்' என வானம் நிற்கிறது. நம் மொழிக்குடும்பத்தில் இருவேறு மொழிகள் ஆளுக்கொரு பொருளை வைத்துக்கொள்ள, தமிழ் இரண்டையும் வைத்துக்கொண்டது. இலத்தீன் வழிமொழி எதிலும் வானத்தின் பெயரே மழையின் பெயராக வழங்கவில்லை. விசும்பு புலவர் ஏட்டிலும் மெய்ப்பொருள் நூலிலும் தங்கிவிட்டது. வான் வயலில் இறங்கிற்று. வயலில் இறங்கிய சொல்லை யாராலும் பெயர்க்க முடியவில்லை.

2015ஆம் ஆண்டு திசம்பர் முதல் நாளை நீங்கள் மறந்திருக்கமாட்டீர்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 செ.மீ. மழை கொட்டியது. அடையாறு கரை மீறி, மீனம்பாக்கத்து ஓடுபாதையும் நீருள் மூழ்கியது. அன்றிரவு மாடிகளில் நின்ற நம்மவர் என்ன சொன்னார்கள்? 'வானம் பொத்துக்கிட்டு ஊத்துது' என்றார்கள். ஆகாயம் பொத்துக்கொண்டது என்று ஒருவர் வாயிலும் நான் கேட்டேனில்லை. அச்சம் வந்தபோது வாயில் வந்தது வானம்தான்.

கிறித்தவ அன்பர்கள் நெடுங்காலம் பரலோகம், பரமண்டலம், மோட்சம் என்னும் சொற்களையே வழங்கினர். 1578இல் கொல்லத்தில் அச்சான 'தம்பிரான் வணக்கம்' போர்த்துக்கீசியத்திலிருந்து அண்டிரீக்கு அடிகளார் பெயர்த்ததே. அந்நாள்முதல் 'செயு'வைத் தமிழாக்கும் பணி தொடர்ந்துவருகிறது. 1995இல் கத்தோலிக்கரும் பிறரும் கூடி வெளியிட்ட திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பில் விண்ணகம், விண்ணரசு என்னும் சொற்கள் இடம்பெற்றன. யாருடைய இறைப்பற்றும் அதனால் குறைந்துவிடவில்லை. பழைய சொல்லையே ஓதும் முதியோரும் உளர். அவர்களோடு நமக்குப் பூசல் இல்லை.

பூசல் வேறிடத்தில் இருக்கிறது. 1935இல் மைசூரில் பேராசிரியர் கோபாலசாமி என்பார் தம் ஒலிபரப்பு நிலையத்துக்கு 'ஆகாசவாணி' என்று பெயரிட்டார். பின்னர் இந்திய அரசு 1950களின் பிற்பகுதியில் அதனை நாடு முழுமைக்கும் ஆக்கிற்று. தமிழர் இசையவில்லை. சென்னை வானொலி, திருச்சி வானொலி என்றே நம் நிலையங்கள் பேசின. தில்லியிலிருந்து வந்த தமிழ்ச் செய்தியோ 'ஆகாசவாணி' என்றே தொடங்கிற்று. கடல் கடந்து வந்த குரலையும் நாம் இலங்கை வானொலி என்றே கேட்டோம். 2023ஆம் ஆண்டு மே திங்களில், ஆங்கில வழக்கிலும் பழைய பெயரை விட்டு 'ஆகாசவாணி' ஒன்றையே சொல்லவேண்டும் என்று ஆணை பிறந்தது. கன்னடர்க்கும் இந்தியார்க்கும் அச்சொல் இனிக்குமாயின் அவர்கள் வைத்துக்கொள்ளட்டும். வானொலி என்று ஒரு சொல் தமிழகத்தின் தேநீர்க் கடைவரை சென்று வேரூன்றிய பின்னர், அதனைப் பிடுங்கும் உரிமை யாருக்கு உண்டு? வானிலை, வானியல், விண்மீன், விண்வெளி, விண்கலம் என எத்தனை சொற்கள் இன்று செய்தித்தாளில் இயல்பாய் நடக்கின்றன! நம் தலைமேல் பறப்பதற்கு வானூர்தி என்று நாம் சொல்ல, நிலையத்துப் பலகையோ இன்னும் விமானம் என்றே சொல்கிறது. அது நமக்கு எஞ்சியுள்ள பணி.

பக்கத்துப் பல்லாவரத்தில் 1911இல் கிறித்துவக் கல்லூரிப் பணியை நீங்கிக் குடியேறிய வேதாசலனார், 1916இல் தம் பெயரையே மறைமலையடிகள் என்று மாற்றிக்கொண்டார். முதலில் தம் பெயரை மாற்றினார். பிறகே பிறர் சொல்லை மாற்றச் சொன்னார். அவர் வாழ்ந்த தெருவுக்கு இவ்விடத்திலிருந்து நடந்தே போய்விடலாம்.

முன்வரிசைத் தம்பியைப் பற்றி ஒன்று சொல்லி அமர்கிறேன். அன்று வாடிய முகத்தோடு போனவர் சும்மா இருக்கவில்லை. தம் பாட்டியாரிடம் வானத்தைப் பற்றிய வழக்குகளைக் கேட்டு ஒரு சிறு ஏட்டில் எழுதிவந்து, கூட்டம் தொடங்குமுன் என்னிடம் காட்டினார். வானம் இருட்டிக்கொண்டு வருகிறது, வானம் மப்பாய் இருக்கிறது, வானம் வெளிவாங்கிவிட்டது, வானம் பொய்த்தது, வானத்துக்கும் மண்ணுக்கும் குதிக்கிறான் என்று பக்கம் நிறைந்திருந்தது. ஆகாயம் ஈரிடத்தில் மட்டுமே வந்தது: ஆகாயக் கோட்டை ஒன்று, அனகாபுத்தூர்ப் பக்கம் அடையாற்றை மூடிக்கிடக்கும் ஆகாயத்தாமரை மற்றொன்று. அத்தாமரைக்குப் பாட்டியார் வேறு பெயர் ஏதும் சொல்வாரா என்று கேட்டுவரச் சொல்லியிருக்கிறேன்.